சர்வருக்கு எதற்குச் சர்வாதிகாரம்?

மதுரை மாநகராட்சிச் சொத்துவரி முறைகேட்டில் பதவி போனவர்கள் யார், கைதானவர்கள் யார் என்பதை இந்த ஊரில் டீக்கடைக்கு வருபவர்கள்கூட வரிசையாகச் சொல்வார்கள். 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் பதவி விலகினார்கள். ஆகஸ்டில் மேயரின் கணவர் கைது செய்யப்பட்டார். அக்டோபரில் மேயரும் விலகினார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி டிஐஜி தலைமையில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. இவர்களில் யார் குற்றவாளி, யார் அப்பாவி என்று நீதிமன்றம் சொல்லட்டும். அந்த வேலை தலையங்கத்துக்கு உரியதன்று.

ஆனால் நடந்த விதத்தைப் பற்றிச் சொல்ல நமக்கு நிறைய இருக்கிறது. 2022 முதலான ஆண்டுகளில் வணிகக் கட்டடங்களின் வரி கணினியில் குறைக்கப்பட்டது, அதற்கு உதவி ஆணையர் நிலையில் இருந்தவர்களின் கடவுச்சொற்கள் பயன்பட்டன, ஓய்வுபெற்றுப் போனவருடைய கடவுச்சொல்லும் அவற்றில் உண்டு என்பது புகார். 2024இல் அப்போதைய ஆணையர் தினேஷ்குமார் கணக்குகளை ஆய்வு செய்தபோது சுமார் 150 கட்டடங்களுக்கு இப்படி வரி குறைந்திருப்பது தெரிந்தது. அவர் மாநகரக் காவல்துறையில் புகார் கொடுத்தார். மத்தியக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. இழப்பு 150 கோடி என்றும் 200 கோடி என்றும் அரசியல் மேடைகளில் தொகை ஏறியபடியே இருக்கிறது.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. வெளிநாட்டு ஹேக்கர் எவரும் நள்ளிரவில் வந்து போனதாகப் புகார் சொல்லவில்லை. சாவி உள்ளேயே இருந்தது, வேண்டியவர்கள் கைக்குப் போனது, வேண்டிய கதவையெல்லாம் திறந்தது. செல்லூரில் தறி போட்டுப் பிழைப்பவர் தன் ஓட்டு வீட்டு வரியில் ஐம்பது ரூபாய் குறையுமா என்று கேட்டு மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் ஊரில், கட்டடம் கட்டடமாக வரி குறைந்தது. ஆணையர் தோண்டிப் பார்க்கும் வரை எந்த மணியும் அடிக்கவில்லை.

அதனால் நம் கேள்வி, வரியைக் குறைத்தவர்களைப் பற்றியது மட்டுமில்லை. ஒரு கடவுச்சொல்லுக்கு இவ்வளவு பலம் கொடுத்து வைத்தது யார்? அதை வடிவமைத்தவர், அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டவர், வருடா வருடம் அதைத் தணிக்கை செய்து நன்று என்று எழுதியவர் இவர்களெல்லாம் எங்கே? மக்கள் பணமும் மக்கள் விவரமும் இருக்கும் கணினியில் வேலைக்குத் தேவையானதைவிட அதிக அதிகாரத்தை அள்ளிக் கொடுப்பதைத் தொழில்நுட்பக் கவனக்குறைவு என்று சொல்லி மூடிவிடக் கூடாது. அது கடமை தவறுதல். திருடனுக்கு உள்ள பொறுப்பில் ஒரு பங்கு, திறந்துபோட்டவருக்கும் உண்டு.

இந்த நியாயம் மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக்குப் புதிதில்லை. வைகைப் பேரணையிலிருந்து பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் மட்டும் 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம். தண்ணீர் திறக்க அரசு உத்தரவு வர வேண்டும். பேரணையில் மதகை இயக்குவது நீர்வளத்துறை ஆட்கள். கண்மாய்க்கு வந்து சேர்ந்த தண்ணீரை மடை மடையாகப் பிரித்துவிடுவது ஊர் நீர்பாய்ச்சி. அவர் எவ்வளவு யோக்கியர் என்று ஊரே கூடிச் சாட்சி சொன்னாலும் பேரணை மதகை அவர் கையில் யாரும் விடமாட்டார்கள். அவருக்கும் அது தேவையில்லை. அவர் ஒருநாள் குடித்துவிட்டு மடையை மூட மறந்தால் ஓர் ஊர் வயல் மூழ்கும். மேலூர் வரைக்கும் மூழ்காது. நம் கணினி அமைப்புகளில் நீர்பாய்ச்சிக்கும் பேரணைச் சாவி, அவர் மச்சானுக்கும் பேரணைச் சாவி.

லாகின் வைத்திருக்கும் மனிதர்களைப் பற்றியாவது இப்போது ஊர் பேசுகிறது. லாகின் வைத்திருக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பேச்சே இல்லை. சர்வரில் ஓடும் ஒவ்வொரு மென்பொருளும் ஏதோ ஒரு பயனர் கணக்கின் பெயரில்தான் ஓடுகிறது. வரி கட்டும் பக்கத்தை நமக்குக் காட்டும் வெப் சர்வர், பின்னால் இருக்கும் டேட்டாபேஸ், ரசீது அனுப்பும் நிரல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு, அந்தக் கணக்குக்கு ஓர் அதிகாரமும் உண்டு. லினக்ஸ் சர்வரில் ரூட் என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு எல்லையே கிடையாது. எந்தக் கோப்பையும் படிக்கும், எதையும் அழிக்கும், புதுக் கணக்கு தொடங்கும், யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றும். சர்வரை நிறுவும்போதும் பழுது பார்க்கும்போதும் அந்தப் பலம் தேவை. நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் பதில் சொல்லும் வெப் சர்வருக்கு அது எதற்கு?

இதற்கு ஒரு பழைய சாக்கு உண்டு. 1024க்குக் கீழே எண்ணுள்ள போர்ட்டை, அதாவது இணைப்பு வாசலை, திறக்க யூனிக்ஸ் காலத்திலிருந்தே ரூட் அதிகாரம் வேண்டும். இணையதளங்கள் இயங்கும் 80, 443 என்ற இரண்டு எண்களும் அந்தக் கோட்டுக்குக் கீழே வருகின்றன. ஆகவே ரூட்டாகத்தான் ஓட்ட வேண்டும் என்பார்கள். பாதி உண்மை. அப்பாச்சி போன்ற வெப் சர்வர் ரூட்டாகத் தொடங்கும், போர்ட்டைத் திறக்கும், அடுத்த நொடியே மக்களுக்குப் பதில் சொல்லும் வேலையை அதிகாரம் பிடுங்கப்பட்ட வேறொரு கணக்கிடம் ஒப்படைத்துவிடும். அந்தக் கணக்கில் யாரும் லாகின் செய்யக்கூட முடியாது. இன்னும் சிக்கனமாக, போர்ட் திறக்கும் அந்த ஒரே ஓர் உரிமையை மட்டும் கிள்ளிக் கொடுக்கவும் லினக்ஸில் வழி இருக்கிறது. எந்தச் சேவை எந்தக் கணக்கில் ஓட வேண்டும் என்பதை அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம். காசு செலவில்லை, புது இயந்திரம் வாங்க வேண்டியதில்லை, டெண்டர்கூட விட வேண்டியதில்லை. ஒருவேளை அதனால்தான் யாருக்கும் இதில் ஆர்வம் வரவில்லையோ என்னவோ.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். திறப்பு விழா நாளை மறுநாள். அமைச்சர் தேதி கொடுத்தாயிற்று. ஒப்பந்த நிறுவனத்தின் இளம் ஊழியர் சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், திரையில் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்துகொண்டே இருக்கிறது. எந்தக் கோப்புறைக்கு எந்தக் கணக்கு எழுதலாம் என்று பொறுமையாகப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, சொல்லித் தர ஆளும் இல்லை. எல்லாக் கோப்புக்கும் 777 என்று போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று ஆக்குகிறார். டேட்டாபேஸுக்கு அதன் தலைமைக் கணக்கையே எழுதி வைக்கிறார். வெப் சர்வரை ரூட்டில் ஓட்டுகிறார். பக்கம் திறக்கிறது. எல்லோரும் கை தட்டுகிறார்கள். பிறகு சரி செய்துகொள்ளலாம் என்பார்கள். அந்தப் பிறகு வருவதில்லை, ஓடுகிற சர்வரில் கை வைக்க யாருக்கும் துணிவு வருவதில்லை.

அந்த இளைஞரை நாம் முதல் குற்றவாளியாக நிறுத்த மாட்டோம். வடபழஞ்சியிலும் இலந்தைக்குளத்திலும் எல்காட் வளாகங்கள் இருக்கின்றன, சுற்றிலும் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள். நிரல் எழுதக் கற்றுத் தரும் அளவுக்கு, எழுதிய நிரலை எந்தக் கணக்கில் ஓட்டுவது என்று கற்றுத் தருகிறோமா என்பது கல்லூரிகள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது. முதல் குற்றம் அவருக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்த நிறுவனத்துடையது. அதற்கு இணையான குற்றம், வேலை முடிந்ததென்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப் பில்லுக்குப் பணம் விடுவித்த அலுவலருடையது. சாலை போட்டால் தார் எத்தனை அங்குலம் என்று குழி தோண்டி அளக்கும் அலுவலகம், சர்வரில் எந்த மென்பொருள் யார் பெயரில் ஓடுகிறது என்று ஒரு கட்டளை தட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கிறது. அந்தக் கட்டளையை அடிக்க இரண்டு விநாடி போதும்.

இதனால் வரும் கேட்டைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். வரி செலுத்தும் தளத்தில் ஆவணத்தை ஏற்றும் வசதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஓர் ஓட்டை. வீட்டுப் பத்திரத்தின் படத்துக்குப் பதிலாக ஒருவன் நிரல் ஒன்றை ஏற்றி அதை ஓடவும் வைத்துவிடுகிறான். ஓட்டை இல்லாத மென்பொருள் உலகில் கிடையாது, ஆகவே இதுவரை நடந்ததற்காக யாரையும் தூக்கில் போட முடியாது. அடுத்து நடப்பதுதான் கேள்வி. வெப் சர்வர் குறைந்த அதிகாரக் கணக்கில் ஓடினால், உள்ளே வந்தவனுக்கும் அந்தக் குறைந்த அதிகாரமே கிடைக்கும். அந்தத் தளத்தின் சில கோப்புகளைப் படிப்பான், பக்கத்தைச் சிதைப்பான், அந்த அளவில் நிற்பான். ரூட்டில் ஓடினால் வந்தவன் அந்த நொடியிலிருந்து ரூட். பிறப்புச் சான்று, குடிநீர் இணைப்பு, ஊழியர் சம்பளம் என்று அதே இயந்திரத்தில் எது இருந்தாலும் அவனுக்குச் சொந்தம். மறுபடி வருவதற்கு ரகசிய வாசல் வைத்துக்கொள்வான். எல்லாவற்றையும்விட மோசமானது, தான் வந்த தடத்தை, நடப்பதையெல்லாம் பதியும் லாக் கோப்புகளிலிருந்து அழித்துவிட்டுப் போவான். பணம் போனால் வசூலிக்கலாம். சாட்சியம் போனால், நடந்தது திருட்டா இல்லையா என்று சொல்லக்கூட ஆதாரம் இருக்காது.

மாநகராட்சி விவகாரத்தில் எந்தக் கணக்கிலிருந்து வரி குறைக்கப்பட்டது என்றாவது தெரிய வந்தது. எந்தக் கை என்பதில்தான் வழக்கே நிற்கிறது. ஒரே கடவுச்சொல்லைப் பலர் அறிந்த இடத்தில் லாக் புத்தகம் பொய் சொல்லும். கணக்குக்கு உரியவரைக் காட்டும், செய்தவரைக் காட்டாது. அதிகாரத்தைக் குறைத்தால் ஊழியருக்கு அவமானம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குறைந்த அதிகாரம் நேர்மையான ஊழியருக்குக் கவசம். தன்னிடம் வரி குறைக்கும் உரிமையே இல்லை என்று ஒரு பில் கலெக்டர் காட்ட முடிந்தால், அந்தக் குற்றம் அவர் தலையில் விழாது. எல்லாம் செய்யக்கூடிய கணக்கை அவர் கையில் திணித்துவிட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் அவரை விசாரிப்பது அநியாயம்.

உலகம் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றது. 1975இல், இந்தியாவில் எல்லா அதிகாரமும் ஓரிடத்தில் குவிந்த நெருக்கடி நிலை ஆண்டில், அமெரிக்காவில் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் தன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்தோடு மட்டுமே இயங்க வேண்டும் என்ற விதியை அதில் எழுதி வைத்தார்கள். கால் நூற்றாண்டு கழித்தும் பெரிய நிறுவனங்களே அதைக் கேட்கவில்லை. 2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு மைக்ரோசாஃப்ட்டின் வெப் சர்வரில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தது. நுழைந்தவுடன் இயந்திரத்தின் முழு அதிகாரமும் அதற்குக் கிடைத்தது, ஏனென்றால் ஓட்டை இருந்த பகுதி முழு அதிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூலை 19 அன்று 14 மணி நேரத்துக்குள் 3,59,000 கணினிகளைப் பிடித்தது. அதன் பிறகு 2003இல் வந்த பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் அந்தச் சர்வரைக் குறைந்த அதிகாரக் கணக்குக்கு மாற்றியது.

ஓபன்எஸ்எஸ்எச் குழுவினர் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உலகமே பயன்படுத்தும் அந்த மென்பொருளை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். வெளியாளோடு பேசும் பகுதிக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ள பகுதி வெளியாளோடு பேசுவதில்லை. 2002 ஜூனில் அதில் பெரிய ஓட்டை ஒன்று தெரிந்தபோது, ஓட்டையின் விவரத்தை வெளியிடும் முன்பே இந்தப் பிரிவினையை எல்லோரும் இயக்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். தாங்கள் எழுதியதிலேயே தவறு இருக்கும் என்று முன்கூட்டி நம்பி, அதற்கேற்பக் கட்டி வைத்திருந்த அடக்கம் அது. நம் அலுவலகங்களில் நாம் தேடும் குணமும் அதுதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் பூட்டப்பட்டன. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல். சுமார் இரண்டு வாரம் வெளிநோயாளிச் சீட்டும் பரிசோதனை முடிவும் கையால் எழுதப்பட்டன. வலைப்பின்னலைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் வழி கொடுத்தது என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதாவது ஓர் அறையில் நுழைந்தவன் எல்லா அறைக்கும் போக முடிந்தது. 2024 மே மாதத்தில் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் ஒருவர் புகுந்தார். அட்மின் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வெளியே போயிருப்பதாகக் காவல்துறை சொன்னது; அந்தக் கணக்கின் அதிகாரம் பயனர்களை உருவாக்குவது, தேடல்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது போன்ற வரம்புக்குள் அடங்கியது என்றும் விளக்கம் கொடுத்தது. கடவுச்சொல் போனது வெட்கம்தான். ஆனாலும் அந்த விளக்கத்தின் பின்பாதியைப் பாருங்கள். திருட்டு நடந்த பிறகு ஓர் அரசுத் துறை தன் பக்கம் சொல்லிக்கொள்ள முடிந்த ஒரே நல்ல வார்த்தை, கணக்குக்கு அதிகாரம் குறைவு என்பதுதான். மதுரை மாநகராட்சிக்கு அந்த வார்த்தைகூட வாய்க்கவில்லை.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். அதிகாரத்தைக் குறைத்தால் வேலை நின்றுபோகும் என்பார்கள். சில நாள் தடுமாறும், உண்மைதான். எந்த நிரலுக்கு எது வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும், அது அலுப்பான வேலை. ஆனால் மூன்று நாள் அலுப்புக்குப் பயந்து வருடக்கணக்கான திருட்டுக்கு வழி விட்டவர்கள் வேலை கெடும் என்று பேசத் தகுதி இழந்தவர்கள்.

இரண்டாவது எதிர்ப்பு வெளியே சொல்லப்படுவதில்லை. நம் அலுவலகங்களில் அட்மின் என்பது மரியாதை. தனி அறை, கார், வாசலில் டபேதார் மாதிரி முழு அதிகாரமுள்ள லாகினும் பதவியின் அடையாளமாகிவிட்டது. மேலதிகாரிக்குக் கீழ் ஊழியரைவிடக் குறைந்த அதிகாரம் என்றால் அவர் முகம் சுருங்குகிறது. கணினியில் உட்காராத அதிகாரிக்குத்தான் பெரும்பாலும் பெரிய லாகின். அதனால்தான் அது உதவியாளர் கைக்கும், அங்கிருந்து காகிதத்தில் எழுதிய சீட்டாக மானிட்டர் ஓரத்துக்கும் போகிறது. வாசிக்க மட்டுமே ஒருவருக்கு வேலை என்றால் வாசிக்கும் உரிமை மட்டுமே அவருக்குத் தகும், அவர் ஆணையரானாலும் சரி. இதில் கௌரவம் பார்ப்பவர் அந்தப் பொறுப்புக்கு ஏற்றவர் இல்லை.

மூன்றாவது வாதம் நியாயமானது. குறைந்த அதிகாரக் கணக்கில் நுழைந்தவனும் ரூட்டாக ஏறிவிட முடியும் என்பார்கள். முடியும். 2016இல் வெளிப்பட்ட டர்ட்டி கௌ என்ற லினக்ஸ் ஓட்டை அப்படித்தான், சாதாரணக் கணக்கை ரூட்டாக்கியது. 2007 முதல் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே கிடந்தது. அதோடு, ஒரு நிரல் தன் வேலைக்காகப் படிக்க வேண்டிய தகவலை, அந்த நிரலைக் கைப்பற்றியவனும் படிப்பான், ரூட் தேவையே இல்லை. ஆகவே சர்வர் கணக்கைக் குறைத்ததோடு கடமை முடியாது. புதிய பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் போட வேண்டும். டேட்டாபேஸிலும் அதே சிக்கனம் வேண்டும். ஒருவர் தன் வரி பாக்கியைப் பார்க்கும் பக்கத்துக்கு, அந்த ஒரு மதிப்பீட்டு எண்ணுக்கான வரியைப் படிக்கும் உரிமை போதும். ஊர் முழுக்க உள்ள கட்டடங்களின் வரித் தொகையைத் திருத்தும் உரிமை அதற்கு வேண்டாம். முழுப் பாதுகாப்பு தராது என்பதற்காக ஒரு தடையை விலக்கிவிடலாம் என்பது விதண்டாவாதம்.

சட்டம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், ஊடுருவல் தெரிந்த ஆறு மணி நேரத்தில் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு செய்யாதவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகள் யார் எதை அணுகலாம் என்ற கட்டுப்பாட்டையும் லாக் பராமரிப்பையும் கட்டாயமாக்குகின்றன. இந்தக் கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசமும் உண்டு. அரசு அமைப்பு ஒன்று அபராதம் கட்டினால் அது யார் பணம் என்று யோசித்தால் சிரிப்புத்தான் வரும். செல்லூர்க்காரர் கட்டிய வரியிலிருந்துதான் அதையும் எடுப்பார்கள். அபராதத்தைவிடப் பெயரோடு பொறுப்பு நிர்ணயிப்பதே பலன் தரும்: இந்தச் சர்வரில் இந்த மென்பொருள் ரூட்டில் ஓட அனுமதித்தவர் இன்னார் என்று கோப்பில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

மாநகராட்சி ஆணையருக்கும் நகராட்சி நிர்வாகத் துறைக்கும் நாம் சொல்வது இதுதான். ஊழியர் ஓய்வுபெறும் நாளில் மாலை போட்டு வழியனுப்பும் விழாவுக்கு முன்பே அவர் கணக்கை மூடுங்கள். மாறுதலாகிப் போகிறவருக்கும் அதே நடைமுறை வேண்டும். வரியைக் குறைக்கும் எந்த மாற்றமும் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் தன் சொந்தக் கைபேசிக்கு வரும் எண்ணைப் பதிந்து ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே நடக்கட்டும். சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கணக்கு, அந்தக் கணக்குக்கு அதன் வேலை மட்டும் என்ற நிபந்தனையை டெண்டரிலேயே எழுதுங்கள். அதைச் சோதித்துக் காட்டாத நிறுவனத்துக்குக் கடைசித் தவணையை நிறுத்துங்கள். லாக்குகள் உடனுக்குடன் வேறோர் இயந்திரத்துக்குப் போகட்டும், முதல் சர்வரின் ரூட்டுக்குக்கூட அங்கே அழிக்கும் உரிமை இருக்கக் கூடாது. வார்டு வாரியாக எந்தக் கட்டடத்துக்கு வரி குறைந்தது, எந்த உத்தரவின்படி குறைந்தது என்பதை மாதாமாதம் மாமன்றத்தில் வையுங்கள். கீழமாசி வீதிக் கடைக்காரருக்குப் பக்கத்துக் கடையின் வரி தெரிந்தால் போதும், எந்தத் தணிக்கையாளரையும்விட வேகமாக அவர் கேள்வி கேட்பார்.

சிலர் கைதானதோடு இந்த விவகாரம் முடிந்ததாக நிர்வாகம் நினைத்தால் அது மதுரைக்குச் செய்யும் இரண்டாவது துரோகம். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு அதன் அதிகாரத்தை அப்படியே விட்டால், அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவரும் அதே சோதனைக்கு ஆளாவார். வழக்கில் தண்டனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், எல்லையில்லா அதிகாரத்தைப் பொதுச் சர்வரில் ஓடவிட்டவர்கள் நம் பார்வையில் குற்றவாளிகளே.

நூறு வார்டு உறுப்பினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மாமன்றக் கூட்டத்தில், கட்சி பார்க்காமல், மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். மாநகராட்சிக்காக ஓடும் சர்வர்களில் எந்தெந்த மென்பொருள் ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது? வரித் தொகையைத் திருத்தும் உரிமை இன்று எத்தனை கணக்குகளுக்கு இருக்கிறது? அந்தக் கணக்குகளுக்கு உரியவர்களில் எத்தனை பேர் இப்போதும் பணியில் இருக்கிறார்கள்? பதில் தெரியாது என்று அலுவலர்கள் சொன்னால், அதையும் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.